இடம் மாறினாலும் தொடரும் உதவி: கைத்தொலைபேசி வழியாக உளவளத்துணை

நலன்புரி நிலையத்தில் இருந்தவரை எப்படியோ சமாளித்தோம், வீட்டுக்கு வந்த பிறகுதான் தூக்கம் போய்விட்டது என்று சொல்பவர்கள் பலர். உங்கள் வீட்டிலும் யாராவது இப்படிச் சொல்லியிருக்கலாம். அதற்குக் காரணம் உண்டு.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கொண்டுவந்த மழையில் கண்டி மாவட்டத்தின் மலைச்சரிவுகள் பல இடங்களில் சரிந்தன. கம்பளை, பேராதனைப் பக்கங்களில் மகாவலி கரை மீறியது. நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். எல்லா மாவட்டங்களிலும் கண்டியிலேயே அதிகமானோர் இறந்தனர். அந்த நாட்களில் பிள்ளைகளைத் தேடுவது, உலர் உணவுக்கு வரிசையில் நிற்பது, படிவம் நிரப்புவது என்று செய்வதற்கு வேலை இருந்தது. பாடசாலை மண்டபம், கோவில், பள்ளிவாசல், பன்சலை என்று எங்கே தங்கினாலும் சுற்றிலும் ஆட்கள் இருந்தார்கள். வீடு திரும்பியதும் அந்தச் சத்தம் ஓய்ந்துவிடுகிறது. பக்கத்து வீடு இருந்த இடத்தில் மண் கிடக்கிறது. இரவில் கூரையில் மழை விழும்போது உடம்பு தானாக எழுந்து உட்கார்ந்துகொள்கிறது.

இந்தப் பகுதி அப்படிப்பட்ட இரவுகளுக்கு என்ன உதவி உண்டு என்பதைப் பற்றியது. குறிப்பாக, பயிற்சி பெற்ற ஒருவருடன் தொலைபேசியிலோ வீடியோ அழைப்பிலோ கதைத்துப் பெறும் உளவளத்துணை பற்றிச் சொல்கிறோம்.

எது சாதாரணம், எப்போது உதவி தேவை?

பேரழிவைச் சந்தித்த மக்களில் ஏறக்குறைய எல்லோருக்குமே ஏதோ ஒரு வகை மனவேதனை ஏற்படும், பெரும்பாலானோருக்கு அது காலப்போக்கில் குறையும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. ஆகவே அழுகை, பயம், எரிச்சல், பசியின்மை, கெட்ட கனவு ஆகியவை முதல் சில வாரங்களில் வருவது நோய் அல்ல. மழை பெய்யும்போதும், அந்த நாள் மீண்டும் வரும்போதும் பழைய பயம் திரும்பி வருவதும் வழக்கமே. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயன்கள் மண்ணில் புதைந்த செய்தியைக் கேட்டவர்களுக்கே அதன் பிறகு மழை இரவுகள் பழையபடி இல்லை. அதே அனுபவம் சொந்த ஊரில் நடந்தவர்களுக்கு மனம் அமைதியாவதற்கு நாள் எடுக்கும்.

ஆனால் கீழே உள்ளவற்றில் ஏதாவது ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால், அல்லது நாளுக்கு நாள் கூடினால், உதவி கேட்பது நல்லது:

– பெரும்பாலான இரவுகளில் தூக்கம் வராமல் இருப்பது, அல்லது நடந்தது கனவில் திரும்பத் திரும்ப வருவது.
– வேலைக்குப் போகவோ சமைக்கவோ பிள்ளைகளைக் கவனிக்கவோ முடியாமல் போவது.
– குறிப்பிட்ட பாதையில், ஆற்றுப் பக்கம் அல்லது மேட்டுப் பக்கம் போகவே முடியாத அளவு பயம்.
– “நான் ஏன் தப்பினேன், அவர்களைக் காப்பாற்றியிருக்கலாமே” என்ற குற்ற உணர்வு விடாமல் அரிப்பது.
– முன்பை விட அதிகமாகக் குடிப்பது, வீட்டில் கை நீட்டுவது.
– தலைவலி, நெஞ்சு அடைப்பு, உடம்பு வலி என்று பல முறை வைத்தியரிடம் போயும் காரணம் தெரியாமல் இருப்பது.

நம்மிடையே ஒரு தயக்கம் உண்டு. மனதுக்குச் சிகிச்சை என்றாலே யாராவது “அங்கொடைக்கா?” என்று கேலி செய்வார்கள். தேசிய மனநல நிறுவனம் அந்தப் பக்கம் இருப்பதால் ஓர் ஊரின் பெயரே வசையாகிவிட்டது. உளவளத்துணைக்கு வருபவர்களில் பலர் எந்த மருந்தும் எடுக்காமல், தங்கள் வேலையைச் செய்துகொண்டே அமர்வுகளுக்கு வருபவர்கள். கால் சுளுக்கினால் எண்ணெய் போட்டு உருவிவிடும் ஒருவரைத் தேடிப் போவது போலத்தான் இதுவும்.

இன்னொரு தயக்கமும் உண்டு. “எல்லோருக்கும்தானே நடந்தது, வீடு முழுக்கப் போனவர்கள் இருக்கும்போது நான் எப்படிப் போய்ச் சொல்வது?” என்பது அது. உதவி பெறுவதற்கு இழப்பின் அளவு ஒரு நிபந்தனை அல்ல. நீங்கள் போவதால் இன்னொருவரின் இடம் பறிபோவதும் இல்லை.

அமர்வில் என்ன நடக்கும்?

உளவளத்துணையாளர் உங்களிடம் கதைப்பவர். மருந்து எழுதுபவர் மனநல வைத்தியர். மருந்து தேவை என்று தோன்றினால் உளவளத்துணையாளர் உங்களை வைத்தியரிடம் அனுப்புவார். பெரும்பாலும் ஓர் அமர்வு முக்கால் மணித்தியாலம் முதல் ஒரு மணித்தியாலம் வரை நீடிக்கும். வாரத்துக்கு ஒரு முறை நடக்கும்.

பலர் பயப்படுவது, நடந்ததையெல்லாம் மறுபடியும் சொல்ல வைப்பார்களோ என்றுதான். அப்படி யாரும் உங்களை வற்புறுத்தக் கூடாது. அனர்த்தம் நடந்த கையோடு எல்லாவற்றையும் விவரிக்க வைப்பதை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பதில்லை. எதைச் சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது, எப்போது நிறுத்துவது என்பதெல்லாம் உங்கள் முடிவு.

அப்படியானால் என்னதான் செய்வார்கள்? உலக சுகாதார நிறுவனம் 2016இல் வெளியிட்ட ஒரு முறையை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். இது ஐந்து அமர்வுகள் கொண்டது. முதலில், பதற்றம் கூடும்போது மூச்சை மெதுவாக்கி உடம்பைத் தணிக்கக் கற்றுத் தருவார்கள். அடுத்து, உங்கள் கவலைகளை எழுதி, அவற்றில் உங்களால் தீர்க்கக்கூடிய ஒன்றைத் தேர்ந்து, அதைச் சிறு படிகளாகப் பிரிப்பார்கள். “வீடு கட்டுவது எப்படி” என்ற கவலை மலையளவு பெரியது. “இந்தச் செவ்வாய்க்கிழமை கிராம உத்தியோகத்தரிடம் போய் எனது மதிப்பீட்டுப் படிவம் எந்த நிலையில் உள்ளது என்று கேட்பது” செய்யக்கூடியது. பிறகு, கைவிட்டுப்போன அன்றாட வேலைகளை ஒவ்வொன்றாக மீண்டும் தொடங்குவது. அதன்பின், யாரிடம் எந்த உதவி கேட்கலாம் என்று பார்ப்பது. கடைசி அமர்வில், பழைய நிலை திரும்பினால் என்ன செய்வது என்று திட்டமிடுவது.

பாகிஸ்தானின் பெஷாவரிலும் கென்யாவின் நைரோபியிலும் இந்த முறை சோதிக்கப்பட்டபோது மக்களின் மனவேதனை குறைந்தது. அங்கே இதை நடத்தியவர்கள் வைத்தியர்கள் அல்லர். பயிற்சியும் மேற்பார்வையும் பெற்ற உள்ளூர்க்காரர்களே நடத்தினார்கள்.

நம் நாட்டிலும் அனுபவம் உண்டு. யாழ்ப்பாணத்தில் போர்க்காலத்தில் பணியாற்றிய மனநல வைத்தியர் பேராசிரியர் தயா சோமசுந்தரம், மூச்சுப் பயிற்சி, தியானம், நாம செபம் போன்ற நமது பழக்கங்கள் மனதைத் தணிக்க உதவுவதைத் தமது எழுத்துகளில் காட்டியிருக்கிறார். ஆகவே கோவிலுக்குப் போவதையோ தொழுகையையோ சேர்ந்து செய்யும் சடங்குகளையோ விட்டுவிட்டு உளவளத்துணைக்கு வர வேண்டியதில்லை. இரண்டும் ஒன்றுக்கொன்று துணை.

தொலைபேசி வழியாகப் பெறுவதில் என்ன நன்மை?

முதல் நன்மை, இடம் மாறினாலும் ஆள் மாறுவதில்லை. நீங்கள் இந்தக் காலத்தில் எத்தனை இடம் மாறியிருக்கிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். பாடசாலை, பிறகு உறவினர் வீடு, பிறகு வாடகை அறை, இப்போது சொந்த ஊர். அடுத்து பாதுகாப்பான காணி கிடைத்தால் இன்னொரு முறையும் மாற வேண்டியிருக்கும். ஒவ்வொரு முறையும் புதிய ஒருவரிடம் ஆரம்பத்திலிருந்து சொல்வது களைப்பான வேலை. பலர் அத்துடன் விட்டுவிடுகிறார்கள். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு கரையோரங்களுக்கு வெளிநாட்டு ஆலோசகர்கள் பலர் வந்தார்கள். மொழிபெயர்ப்பாளர் மூலம் கதைத்து, சில வாரங்களில் திரும்பிப் போனார்கள். மக்களுக்குத் தேவைப்பட்டது தங்கள் மொழியில், நீண்ட நாள் கூட இருக்கக்கூடிய ஒருவர். தொலைபேசி இலக்கம் மாறாதவரை, கம்பளையில் தொடங்கிய அமர்வை நீங்கள் புசல்லாவையிலிருந்தும் தொடரலாம், வத்தளையில் மகள் வீட்டிலிருந்தும் தொடரலாம்.

இரண்டாவது, பாதையும் பேரும். நாவலப்பிட்டியிலிருந்து கண்டிக்கு ஏறக்குறைய 40 கிலோமீற்றர். அதற்கும் மேலே தோட்டத்தில் இருப்பவர் முதலில் டவுனுக்கு வர முச்சக்கர வண்டிக்குக் கொடுக்க வேண்டும். கிளினிக்கில் காத்திருந்து திரும்பும்போது இருட்டிவிடும். அன்றைய பேரும் இல்லை. கடை வைத்திருப்பவருக்கும் மரக்கறித் தோட்டம் செய்பவருக்கும் ஒரு நாள் போவது நட்டம்தான். ஒரு தடவை போகலாம், வாராவாரம் முடியாது. உளவளத்துணை பலன் தருவதோ தொடர்ந்து போனால்தான். மழைக்காலத்தில் பாதை மூடப்படுவதும் உண்டு. கடுகண்ணாவையில் மண் சரிந்து கொழும்பு–கண்டி வீதியே அடைபட்டதைப் பார்த்தோம். பாதை அடைபட்டாலும் அழைப்பு வரும்.

மூன்றாவது, மொழி. தமிழ் 1987 முதல் இந்த நாட்டின் அரசகரும மொழிகளில் ஒன்று. தமிழில் சேவை கேட்பது உங்கள் உரிமை. ஆனால் உங்கள் பிரதேசத்தில் தமிழ் தெரிந்த உளவளத்துணையாளர் ஒருவர் இல்லாமல் போகலாம். கடையில் பேசவும் பஸ்ஸில் வழி கேட்கவும் சிங்களம் போதும். இறந்துபோன அம்மாவைப் பற்றிச் சொல்ல அம்மாவிடம் பேசிய மொழி வேண்டும். தொலைபேசி வழியாக யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, கொழும்பு என்று எங்கே இருக்கும் தமிழ் உளவளத்துணையாளரும் உங்களுடன் கதைக்க முடியும். பெண்கள் பெண் ஒருவரையே கேட்கலாம். ஊருக்கு வெளியே உள்ளவர் என்பதால் அவர் உங்கள் உறவினருக்கோ தோட்டத்து உத்தியோகத்தருக்கோ பழக்கமானவராக இருக்கும் பயமும் குறைவு.

நான்காவது, யாரும் பார்ப்பதில்லை. மனநல கிளினிக் வரிசையில் நிற்கும்போது ஊர்க்காரர் ஒருவர் கண்ணில் பட்டுவிட்டால் என்ன ஆகும் என்ற எண்ணம் பலரைத் தடுக்கிறது. மகளுக்குக் கல்யாணம் பேசும் வீடுகளில் இந்தப் பயம் இன்னும் அதிகம். தொலைபேசியில் கதைப்பது வெளியே தெரிவதில்லை.

ஐந்தாவது, தூரத்தில் இருக்கும் குடும்பமும் சேரலாம். நம் வீடுகளில் தாய் குவைத்திலோ சவூதியிலோ, தகப்பன் கொழும்பிலோ வேலையில் இருப்பது சாதாரணம். பிள்ளை பாட்டியிடம் வளர்கிறது. பிள்ளைக்கான அமர்வு ஒன்றில் தாயும் அங்கிருந்தே இணைந்துகொள்ளலாம்.

இது நேரில் போவதற்கு ஈடாகுமா?

நியாயமான கேள்வி. அமெரிக்காவில் போரிலிருந்து திரும்பிய படைவீரர்களிடையே நடத்தப்பட்ட பல ஆய்வுகளில், அதிர்ச்சிக்கான சிகிச்சையை வீடியோ மூலம் பெற்றவர்களுக்கும் நேரில் பெற்றவர்களுக்கும் பலன் ஏறக்குறைய ஒரே அளவில் இருந்தது. 2020இல் கொரோனா முடக்கத்தின்போது உலகம் முழுவதும் இந்தச் சேவை தொலைபேசிக்கு மாறியது. அப்போதிருந்து இது ஓர் அவசர ஏற்பாடாக மட்டும் இல்லாமல் வழக்கமான சேவையாகிவிட்டது.

குறைகளும் உண்டு. திரையில் முகம் தெரிந்தாலும் கை நடுங்குவது உளவளத்துணையாளருக்குத் தெரியாது. வாய்விட்டு அழும்போது தண்ணீர் கொடுக்க அவர் பக்கத்தில் இல்லை. லைன் வெட்டுப்பட்டால் பேச்சு பாதியில் நின்றுவிடும். காது கேட்காத முதியவர்களுக்கு இது கஷ்டம். முடிந்தால் முதல் அமர்வையோ இடையில் ஒன்றையோ நேரில் வைத்துக்கொண்டு, மற்றவற்றைத் தொலைபேசியில் வைப்பது நல்ல வழி.

அந்த ஒரு மணித்தியாலத்துக்கு இடம் தேடுவது

தொலைபேசி கிடைப்பதை விட, தனியாகக் கதைக்க இடம் கிடைப்பதுதான் பலருக்குச் சிரமம். ஒரு காம்பராவில் ஆறு பேர் இருக்கும் வீட்டில், இஸ்தோப்பில் பேசினால் லயன் முழுவதற்கும் கேட்கும். கீழே உள்ளவை உதவலாம்:

– வீட்டார் வேலைக்கும் பள்ளிக்கும் போகும் நேரத்தைக் கேளுங்கள். காலை, மாலை, ஞாயிறு என்று உங்களுக்கு ஏற்ற நேரத்தைக் கேட்பதில் தவறில்லை.
– பிள்ளைக் காம்பரா, வாசிகசாலை, கோவில் மண்டபம், மத்ரசா அறை ஆகியவை வெறுமையாக இருக்கும் நேரத்தில் திறந்து தரச் சொல்லலாம். எதற்கு என்று விளக்க வேண்டியதில்லை, “தொலைபேசியில் ஒரு கூட்டம் இருக்கிறது” என்றால் போதும். நிறுத்தி வைத்த முச்சக்கர வண்டிக்குள் இருந்தும் கதைக்கலாம்.
– காதில் மாட்டும் ஹெட்போன் இருந்தால், மறுமுனையில் சொல்வது வெளியே கேட்காது. உங்கள் பதில் மட்டும்தான் கேட்கும்.
– யாராவது உள்ளே வந்தால் சொல்வதற்கு ஒரு வார்த்தையை முன்கூட்டியே பேசி வையுங்கள். “அரிசி விலை என்ன?” என்று நீங்கள் கேட்டால் அவர் பேச்சை மாற்றிக்கொள்வார். கணவராலோ வேறொருவராலோ வீட்டில் அடி உதை இருப்பவர்களுக்கு இது மிக அவசியம்.
– அழைப்பு வெட்டுப்பட்டால் யார் திரும்ப எடுப்பது என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள்.

டேட்டா பற்றிக் கவலை வேண்டாம். வட்ஸ்அப்பில் குரல் மட்டும் கதைத்தால் ஒரு மணித்தியாலத்துக்குச் சில பத்து மெகாபைட்டே செலவாகும். வீடியோவுக்குப் பல மடங்கு ஆகும். சிக்னல் பலவீனமாக இருந்தால் வீடியோவை நிறுத்திவிட்டுக் குரலில் தொடருங்கள். பட்டன் போன் வைத்திருப்பவர்கள் சாதாரண அழைப்பிலேயே அமர்வு பெறலாம். முழுத் தொகையும் உங்கள் ரீலோடில் போகாதபடி உளவளத்துணையாளரையே அழைக்கச் சொல்லுங்கள்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. சிக்னல் தேடி மேட்டுக்கு ஏறுவது நம் தோட்டங்களில் வழக்கம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் உங்கள் பிரதேசத்துக்கு மண்சரிவு எச்சரிக்கை விடுத்திருக்கும் நாளில் அப்படிச் செய்யாதீர்கள். மஞ்சள் என்றால் விழிப்பு, செம்மஞ்சள் என்றால் வெளியேற ஆயத்தம், சிவப்பு என்றால் உடனே வெளியேற்றம். அந்த நாட்களில் அமர்வைத் தள்ளிவையுங்கள். போனின் சார்ஜை அவசர அழைப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் கேட்க வேண்டிய கேள்விகள்

முதல் அழைப்பிலேயே இவற்றைக் கேளுங்கள். நல்ல உளவளத்துணையாளர் இதைத் தவறாக நினைக்கமாட்டார்.

– நீங்கள் எங்கே பயிற்சி பெற்றீர்கள், எந்த அமைப்பின் கீழ் வேலை செய்கிறீர்கள்?
– நான் சொல்வதை யாரிடம் சொல்வீர்கள்? எந்தச் சூழ்நிலையில் சொல்ல வேண்டி வரும்?
– அழைப்பைப் பதிவு செய்கிறீர்களா?
– கட்டணம் உண்டா? எத்தனை அமர்வு?

நீங்கள் சொல்பவை இரகசியமாக இருக்கும். உங்கள் உயிருக்கோ ஒரு பிள்ளையின் உயிருக்கோ ஆபத்து என்றால் மட்டும் வேறு உதவியை அழைக்க வேண்டி வரும். அதை அவர் முன்பே உங்களிடம் சொல்ல வேண்டும். இதற்காகவே, நீங்கள் அப்போது இருக்கும் இடத்தையும் நம்பிக்கையான ஒருவரின் தொலைபேசி இலக்கத்தையும் கேட்பார். அதைக் கொடுப்பது நல்லது. ஆனால் வங்கிக் கணக்கு இலக்கம், தொலைபேசிக்கு வரும் இரகசிய எண், நிவாரணக் கொடுப்பனவு விவரம் ஆகியவற்றை எந்த உளவளத்துணையாளரும் கேட்கமாட்டார். கேட்டால் அழைப்பைத் துண்டித்துவிட்டு எமது வெளிக்கள உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள்.

பிள்ளைகளும் காணாமற்போனோரின் குடும்பங்களும்

சிறு பிள்ளைகள் திரையின் முன் அமர்ந்து கதைக்கமாட்டார்கள். அவர்கள் பயத்தை விளையாட்டிலும் படுக்கையை நனைப்பதிலும் தாயை விட்டு விலகாமல் இருப்பதிலும் காட்டுவார்கள். அப்படியான பிள்ளைக்கு, பெற்றோர் அமர்வு பெற்று வீட்டில் என்ன செய்வது என்று கற்றுக்கொள்வதே பெரிய உதவி. நேரத்துக்குச் சாப்பாடு, நேரத்துக்குத் தூக்கம், விரைவில் பள்ளிக்கூடம், மழை பற்றிக் கேட்டால் உண்மையான பதில் ஆகிய நான்கும் முதலில் வேண்டும். பதின்ம வயதுப் பிள்ளைகள் பெரியவர்களை விடத் தொலைபேசியில் எளிதாக மனம் திறப்பார்கள். அவர்களுக்கு அந்த நேரத்தில் தனிமை கொடுங்கள்.

உடல் கிடைக்காத குடும்பங்களின் துயரம் வேறு வகை. கருமாதி செய்தால் நாமே கொன்றது போல, செய்யாவிட்டால் அவருக்கு அமைதி இல்லை என்பது போல மனம் இரண்டு பக்கமும் இழுக்கும். இறந்துவிட்டார் என்று ஒப்புக்கொள்ளும்படி உளவளத்துணையாளர் உங்களைத் தள்ளமாட்டார். விடை கிடைக்காத கேள்வியுடன் இருந்தபடியே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளவும் வேலைக்குப் போகவும் வழி தேட உதவுவார். சடங்கு பற்றிய முடிவைக் குடும்பமாக உங்களுக்கு ஏற்ற நேரத்தில் எடுக்கலாம்.

தொலைபேசி போதாத நிலைகள்

கீழே உள்ளவை இருந்தால் அமர்வுக்குக் காத்திருக்காமல் வைத்தியசாலைக்குப் போங்கள். கண்டி தேசிய வைத்தியசாலையிலும் பேராதனை போதனா வைத்தியசாலையிலும் மனநலப் பிரிவுகள் உள்ளன. அரச வைத்தியசாலைகளில் சிகிச்சை இலவசம்.

– உயிரை விட்டுவிட நினைப்பது, அதற்கு வழி தேடுவது.
– இல்லாத குரல் கேட்பது, யாரோ கொல்ல வருகிறார்கள் என்று நம்புவது.
– பல நாள் சாப்பிடாமல், கதைக்காமல் ஒரே இடத்தில் இருப்பது.
– நெடுநாள் குடித்தவர் திடீரென்று நிறுத்தியபின் கை நடுங்கி, வியர்த்து, குழம்பிப் பேசுவது. இது உயிருக்கு ஆபத்தானது.

தற்கொலைக்கு முயன்றவரைப் பொலிஸ் பிடிக்கும் என்ற பயத்தில் வைத்தியசாலைக்குக் கொண்டுபோகத் தயங்காதீர்கள். தற்கொலை முயற்சி 1998 முதல் இலங்கையில் குற்றம் அல்ல. ஒருவர் உயிரை விட நினைக்கிறாரோ என்று சந்தேகம் வந்தால் நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வருவதில்லை. பலருக்கு யாராவது கேட்டதே ஆறுதலாக இருக்கிறது.

வீட்டிலும் தோட்டத்திலும் உள்ள பூச்சிமருந்து, களைநாசினிப் போத்தல்களைப் பூட்டி, சாவியை வேறொருவரிடம் கொடுங்கள். 1995இல் இலங்கையில் ஒரு இலட்சம் பேருக்கு 47 பேர் தற்கொலை செய்துகொண்டார்கள். மிகக் கொடிய பூச்சிமருந்துகள் படிப்படியாகத் தடை செய்யப்பட்ட பின் அந்த விகிதம் பெருமளவு குறைந்தது. ஆபத்தான அந்தச் சில நிமிடங்களில் போத்தல் கைக்கு எட்டாமல் இருந்தால் ஓர் உயிர் பிழைக்கும்.

அழைக்க வேண்டிய இலக்கங்கள்:

1926 – தேசிய மனநல நிறுவனத்தின் உதவி இலக்கம், 24 மணித்தியாலமும்
1333 – உளவளத்துணை உதவி இலக்கம், கட்டணமில்லை
1990 – சுவசெரிய அம்பியுலன்ஸ், கட்டணமில்லை
1929 – சிறுவர் உதவி
1938 – பெண்கள் உதவி
117 – அனர்த்த முகாமைத்துவ நிலையம்

எப்படித் தொடங்குவது?

உங்கள் பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தர் இருக்கிறாரா, தொலைபேசி வழியாகக் கதைக்க முடியுமா என்று கேளுங்கள். தமிழில் வேண்டும் என்பதையும் அங்கேயே சொல்லுங்கள். எமது வெளிக்கள உத்தியோகத்தர் உங்கள் ஊருக்கு வரும் நாளில் அவரிடம் பெயரைப் பதியலாம். காரணம் எதுவும் சொல்லத் தேவையில்லை. தமிழா சிங்களமா, ஆணா பெண்ணா, எந்த நேரம், குரலா வீடியோவா என்ற நான்கை மட்டும் சொன்னால் போதும். போன் இல்லாதவர்களுக்கு நாங்கள் வரும் நாளில் எமது போனில் அமர்வு ஒழுங்கு செய்வோம்.

முதல் அமர்வில் எதுவும் மாறவில்லை என்று தோன்றலாம். புதிய ஒருவருடன் பழக இரண்டு மூன்று தடவை ஆகும். அதன் பின்னும் அவருடன் ஒத்துவரவில்லை என்றால் வேறொருவரைக் கேளுங்கள், அதற்காக யாரும் வருத்தப்படமாட்டார்கள்.

இந்தப் பக்கத்தை வாசித்தபோது உங்கள் வீட்டிலோ அடுத்த வீட்டிலோ ஒருவர் நினைவுக்கு வந்திருந்தால், இதை அவரிடம் கொடுங்கள். வாசிக்கத் தெரியாதவர் என்றால் வாசித்துக் காட்டுங்கள். முதல் அழைப்பை எடுக்கும்போது பக்கத்தில் இருக்க வேண்டுமா என்று கேட்டு, வேண்டும் என்றால் இருங்கள்.